கண்டிசன்காரரும் கோகிலாவின் கோழிக்கூண்டும்

நாமக்கல் மாவட்டத்தில் ஒழுங்காகக் கோபப்படத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் கண்டிசன்காரர். மற்றவர்களெல்லாம் சும்மா தொண்டையைக் கிழித்துக்கொள்கிறவர்கள். அதில் நானும் அடக்கம்.

இதை ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். அந்த மனுஷன் என் வண்டிக்குச் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் திருச்செங்கோடு ரோட்டில் யாருக்கும் தெரியாது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். "வண்டி கண்டிசனா இருக்கோணும்" என்பது அவர் பேச்சில் பாதி. "எனக்கு ஒரு கண்டிசன் இருக்குதுங்க" என்பது மீதிப் பாதி. ஊரில் வேலை கொடுக்கிறவன் கண்டிஷன் போடுவான். இங்கே வேலை செய்கிறவர் போடுவார். பட்டறைக்குள் செருப்போடு வரக் கூடாது. போனில் பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'சீக்கிரம்' என்ற சொல் காதில் விழக் கூடாது.

ராசிபுரத்து லாரி முதலாளி ஒருவர் வாய் தவறி, "கொஞ்சம் சீக்கிரமா முடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடையில் டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் லாரி ஜாக்கி மேல் நிற்கிறது, சக்கரம் ஒன்றைக்கூடக் காணோம். கண்டிசன்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, "இப்பப் போங்க சீக்கிரமா, பாக்கலாம்" என்றார்.

அதுவாவது ஊரான் வண்டி. சொந்த மகள் கல்யாணத்தில் இந்த மனுஷன் செய்ததைக் கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் மேட்டூர்க்காரர்கள். தாலி கட்டியாயிற்று, சாப்பிட்டாயிற்று. பெண்ணை அழைத்துக்கொண்டு பஸ் ஏறப் போகிற நேரம், பெண்ணின் அப்பாவைக் காணவில்லை. தேடினால் பட்டுவேட்டியோடு பஸ்ஸுக்கு அடியில் படுத்திருக்கிறார். வெளியே வந்தவர் முகத்தில் கிரீஸ், கண்ணில் அனல்.

"பின்டயரு மொட்டையா இருக்குதுங்க. இதுலயா எம்புள்ளைய ஏத்திக்கிட்டுப் போறீங்க?"

"நல்ல நேரம் போயிருமுங்க சம்பந்தி!" என்று மாப்பிள்ளையின் அப்பா கெஞ்சினார்.

"போனாப் போச்சாதுங்க. நேரம் நாளைக்கும் வரும். டயர மாத்தற வரைக்கும் வண்டி நகராது."

சொல்லிவிட்டு பஸ் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். டயர் மாற்றுகிற வரைக்கும் கல்யாணப் பெண் மண்டப வாசலில் மாலையோடு உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே புகுந்த வீடு போக வேண்டிய பெண், அப்பாவைத் திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள்.

இப்படிப்பட்டவரிடம் நான் ஏன் போனேன்? அதற்கு என் மனைவி கோகிலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி. ஒருமுறை திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தங்கினோம். மருந்தை ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று கொடுத்தால், அந்த வீட்டுப் புண்ணியவதி ஐஸ் கட்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். உறைந்துபோன மருந்து என்று தெரியாமல் போட்டுக்கொண்டு, சர்க்கரை எகிறி, கோகிலா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்றிலிருந்து வெளியூரில் ஓர் இரவுகூடத் தங்க மாட்டேன் என்றுவிட்டாள். டிவியில் கடலைக் காட்டினால் மட்டும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள். கடல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு ராத்திரி தூங்க வேண்டும் என்பது அவளுக்கு நெடுநாள் ஆசை.

அதற்காகத்தான் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் ஒரு சின்ன முகாம் வண்டி வாங்கினேன். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். மருந்து வைக்க ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். வீதியில் கொண்டுவந்து நிறுத்தியதும், "ஏனுங்க, முட்டை ஏவாரமா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஃப்ரிட்ஜ் ஓடவும், ராத்திரிக்குப் பேட்டரியில் கரண்ட் ஏறவும் கூரைமேல் சோலார் பேனல் வேண்டும். வண்டியின் கூரையோ வளைவானது. கண்ணாடி சோலார் பேனல் அதில் உட்காராது. எனவே வளையும் பேனல் இரண்டு வாங்கி, கண்டிசன்காரரிடம் கொண்டுபோனேன். வளைந்த கூரையில் வேலை செய்ய அவரை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் நாசமாய்ப் போக.

"இந்தக் கோழிக்கூண்டுக்குங்களா?" என்றார். பேனலை வாழை இலை போல வளைத்துப் பார்த்தார்.

"ஆமாங்ண்ணா. ஓட்டை போட்றாதீங்க. அடியில பசை தடவி ஒட்டோணும்."

"ஒட்டறதா? இதென்னங்க தபால் தலையா, நக்கி ஒட்டறதுக்கு? ரோட்டுல போறப்பப் பிச்சுக்கிட்டுப் போயி பொறகால வாரவன் மூஞ்சில உழுவோணுமா?"

"ஒட்டத்தானுங்ண்ணா சொல்லியிருக்குது."

"செரி. ஆனா எனக்கு ஒரு கண்டிசன். நீங்க இங்க நிக்கப்படாது. ஓனரு நின்னா எனக்குக் கை ஓடாது. ஊட்டுக்குப் போங்க தம்பி."

நான் மடையன், போய்விட்டேன்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஒரு பேனலை முடித்திருந்தார். எப்படி? லாரித் தகரத்துக்கு அடிக்கிற மாதிரி சாண் சாணுக்கு ரிவெட் ஆணி. நீளவாட்டில் ரிவெட், குறுக்குவாட்டில் ரிவெட், நட்டநடுவில் அழகுக்கு ஒரு ரிவெட்.

"ஆனை ஏறி மிதிச்சாலும் அசையாதுங்க" என்று பெருமையாகத் தட்டிக் காட்டினார். ஒயரை மாட்டினேன். ஃப்ரிட்ஜில் விளக்கு எரியவில்லை. பேனல் செத்துக் கிடந்தது.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியாது. "யோவ்!" என்றேன். பட்டறையில் சுத்தியல் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. "அறிவிருக்காய்யா உனக்கு? அது தகரமா? மேல பூரா கரண்ட்டு எடுக்கற செல்லுய்யா! சல்லடை போட்டு வெச்சிருக்கியே!"

"ஒரு ரிவெட்டு தாங்காததெல்லாம் ஒரு சாமானாங்க?"

"அதுலதான்யா எம்பொண்டாட்டி இன்சுலினு வெக்கற ஃப்ரிட்ஜு ஓடோணும்! மருந்து கெட்டா அவ உசுருக்கு நீ பதில் சொல்லுவியா?"

கண்டிசன்காரர் கையிலிருந்த ரிவெட் துப்பாக்கியைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"ஊசி மருந்துக்குன்னு முன்னாடியே சொல்லோணுமா வேண்டாமா?" என்று பாய்ந்தார். "ஃபேன் போட்டுக்கிட்டுப் படுத்துக் கெடக்கறதுக்குன்னு நெனச்சுப்போட்டேன். அம்மிணிக்கு மருந்துன்னு சொல்லாம, தபால் தலை ஒட்டற மாதிரி ஒட்டுன்னு சொன்னா? நீங்கல்லாம் ஒரு புருசனா? போங்க வெளிய!"

தபால் தலை என்று சொன்னது நானா, அவரா? கேட்பதற்குள் என்னைத் தெருவில் தள்ளி ஷட்டரை இறக்கிவிட்டார். பேனலும் போய், மானமும் போய், நான் நடு ரோட்டில் நின்றேன்.

மறுநாள் சேலத்திலிருந்து வந்த ஒருவர் சொன்னார், கண்டிசன்காரர் முதுகில் ஒரு புதுப் பேனலைக் கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் ஆமை மாதிரி வந்துகொண்டிருக்கிறார் என்று. அடுத்த முறை நான் பட்டறைக்குப் போனபோது, செத்த பேனலைப் பெயர்த்து, கூரை ஓட்டைகளை அடைத்து, புதியதையும் மிச்சமிருந்ததையும் பசையால் ஒட்டியிருந்தார். ஃப்ரிட்ஜ் ஓடியது. கோபம் ஆறலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வண்டியின் நெற்றியைப் பார்த்தேன்.

லாரிக்கு வைப்பது போல ஒரு பேர்ப்பலகை. மஞ்சளில் சிவப்பு எழுத்து, இரண்டு பக்கமும் தாமரைப்பூ. 'கோகிலா' என்று போட்டிருந்தது. அதன் நிழல் அப்படியே பேனல்மேல் விழுந்துகொண்டிருந்தது. பேனலில் ஓரமாக நிழல் விழுந்தாலே கரண்ட் பாதாளத்துக்குப் போய்விடும்.

"யாருங்க உங்களப் பலகை கேட்டா? கழட்டுங்க!"

"பேரில்லாத வண்டி எம்பட்டறைய உட்டு வெளிய போகாதுங்க. அது கண்டிசன்."

சரி, கோகிலாவையே கூட்டிவந்து பேசச் சொல்லலாம் என்று அழைத்துவந்தேன். அவள் பலகையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க, நம்மூட்டுல கேஸ் சிலிண்டர்கூட உங்க பேர்லதான் இருக்குது" என்றாள் என்னிடம். "இது இருக்கட்டும்."

பலகை இருந்தால் மருந்து கெடும். பலகை இல்லாவிட்டால் அவள் வர மாட்டாள். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கண்டிசன்காரர் எங்கள் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே, லாரியின் பின்கதவுக்குப் போடும் கீலை எடுத்துவந்து பலகையின் அடியில் மாட்டினார். இழுத்தால் நிற்கும், தட்டினால் முன்பக்கம் தொங்கும்.

"ஓடறப்பவும் வெயில்லயும் மடக்கி வெய்யுங்க. இன்னொரு கண்டிசன். நிறுத்தற எடத்துலெல்லாம் எனக்கு போன் பண்ணோணும்."

கடலைப் பார்க்கக் கிளம்பிய வழியெல்லாம் பண்ணித் தொலைத்தேன். திருச்சியில் வண்டியை மர நிழலில் நிறுத்திவிட்டு போன் செய்தேன். "நெழலக் கண்டா நின்னுருவீங்களா? வெயில்ல நிறுத்துங்க!" என்று திட்டினார். தஞ்சாவூரில் சாப்பிட நிறுத்தினோம். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தீர்களா என்று திட்டினார். பார்த்தேன் என்றதும், அடிக்கடி திறந்தால் சில்லிப்பு போய்விடும் என்று அதற்கும் திட்டினார்.

தரங்கம்பாடியில் கடல் சத்தம் கேட்கிற ஒரு வெட்டவெளியில் தங்கினோம். கோகிலா என்னைவிட நன்றாகத் தூங்கினாள். விடிந்ததும் மருந்துக் குப்பியை எடுத்து என் கன்னத்தில் வைத்தாள். சில்லென்று இருந்தது. ஊசி போட்டுக்கொண்டு வெளியே போனவள் பலகையைத் தூக்கி நிறுத்தினாள். கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது அவள் பெயர்.

"நெழல் உழுகுது, எறக்கு!" என்று கத்தினேன்.

"செத்த நேரம் நிக்கட்டும்ங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவரேதான். "கண்டிசனா இருக்குதா?"

"இருக்குதுங்ண்ணா. பேனல் ஓடுது, ஃப்ரிட்ஜு ஓடுது, வண்டி ஜம்முன்னு இருக்குது."

"வண்டிய எவங்க கேட்டா?" என்று அந்தக் காலை நேரத்தில் கடற்கரையே அதிரும்படி கத்தினார். "அம்மிணி கண்டிசனா இருக்குதான்னு கேட்டேன்!"

போனை கோகிலாவிடம் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மனுஷன்மேல் நிம்மதியாகக் கோபப்படுவதற்கு எனக்கிருந்த ஒரே வழியையும் அன்றைக்கு அவர் அடைத்துவிட்டார். அதற்காக மட்டும் அவரை நான் மன்னிக்கவே மாட்டேன்.