ஆடாதே நைனா

ராயபுரத்தில் ஒரு தலைமுறையே சிரிப்பை மறந்ததற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். படம் பிடிக்க உட்கார்ந்தவர்களை "ஆடாதே!" என்று அதட்டி அதட்டியே 'ஆடாதே நைனா' ஆகிப்போனவர். அசல் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

வெள்ளைக்கார ராணி காலத்தில் அவருடைய தாத்தா தொடங்கிய ஸ்டூடியோ அது. நாடு சுதந்திரம் வாங்கிய பிறகும் தாத்தாவின் கேமராதான், தாத்தாவின் சட்டம்தான். லென்ஸ் மூடியைக் கழற்றி எட்டு எண்ணுவார். அதுவரை இமைக்கக் கூடாது, சிரிக்கவே கூடாது. தலை அசையாமலிருக்கப் பிடரியில் ஓர் இரும்புக் கவ்வி வேறு! அங்கே எடுத்த கல்யாணப் படங்களில் மாப்பிள்ளைகள் எல்லாம் போலீசில் பிடிபட்டவர்கள் மாதிரியே இருப்பார்கள்.

பெண் வீட்டாருக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த நானும் ஒரு நாள் அந்தக் கவ்வியில் மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது எங்கள் தெரு செல்வமேரி கைக்குழந்தையோடு ஓடிவந்தாள்.

"நைனா, எங்க வூட்டுக்காரு ரங்கூன்ல கீறாரு. புள்ள மூஞ்ச இன்னும் பாக்கல. நாளைக்கு அவரு தோஸ்து கப்பலேறுறாரு, அவரு கையில படத்த குடுத்தனுப்பணும். இத்த வுட்டா வேற ஆளு எப்போ போவாங்களோ!"

"எட்டு எண்ணுற வரைக்கும் ஆடாம இருக்குமா?"

"ஆறு மாசப் புள்ள நைனா!"

"ஆறு மாசமோ அறுபது வயசோ, சட்டம் ஒண்ணுதான்."

என்னைக் கவ்வியிலிருந்து விடுவித்து ஓரமாக உட்காரவைத்தார். படம் பதியும் கண்ணாடித் தகடுகள் மூன்றில், முதல் தகட்டில் குழந்தை கையையும் காலையும் உதறியது. பாழ். இதற்குத் தாத்தா காலத்து வழி ஒன்று உண்டு: தாயைக் கறுப்புத் துணியால் மூடி உட்காரவைத்து, குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்வது. அப்படியே செய்தார். அம்மாவைக் காணோமென்று குழந்தை வீறிட்டது. அதுவும் பாழ். மிச்சம் இருந்தது ஒரே தகடு. செல்வமேரி அழுதேவிட்டாள்.

நைனா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாய்யா வேடிக்க பாத்துகினு கீறே? எந்திரி. மூடியக் கழட்டி எட்டு எண்ணு!"

குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்தார். துணியைத் தன் தலைமேல் போர்த்திக்கொண்டார். செல்வமேரி கேமரா பக்கத்தில் வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. சிரித்தபடியே அப்படியே இருந்தது. நான் எட்டு எண்ணி மூடியைப் போட்டேன்.

"ஆடுச்சா?" என்று துணிக்குள்ளிருந்து கேட்டார்.

"ஆடல நைனா. ஆனா... சிரிச்சிடுச்சி."

துணியை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார்.

"சிரிக்கட்டும் போ. பெத்த அப்பன் பாக்கப் போறான்."

படம் மறுநாள் கப்பலேறியது. இன்னொரு பிரதியை நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். சில வருஷங்களில் நைனா காலமானார். மாலை போடப் படம் தேடினால், ஊரையே படம் பிடித்த மனுஷருக்கு ஒரு படம்கூட இல்லை. என்னிடம் இருப்பது ஒன்றுதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள், "யார் சார் இந்தக் குழந்தை?" என்று கேட்பார்கள். குழந்தை இருக்கட்டும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் கறுப்புத் துணியைப் பாருங்கள், அதுதான் எங்கள் நைனா என்பேன்.