மயக்கம் போட எட்டுப் பேர்

"நீ கத்துனா எதிர்வூட்டுக்காவது கேக்குமா, கொயந்தே?"

தெருச் சங்கச் செயலாளர் லோகநாதன் இப்படிக் கேட்டபோது கார்குழலி பதில் சொன்னாள். அது அவருக்குக் கேட்கவில்லை.

அவள் குரல் அப்படி. வாயிலிருந்து புறப்படும், பாதி வழியில் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் தினமும் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். தினமும் "உள்ளேன் டீச்சர்" சொன்னாள். ஆண்டு முடிவில் அவள் பள்ளிக்கே வராத பெண் என்று ஆகிவிட்டது. இல்லை என்று வாதாட வேண்டியிருந்தது. அதைவிடப் படிப்பை விட்டுவிடுவது சுலபமாக இருந்தது.

இப்போது பத்தொன்பது வயது. உடம்பில் ஆரஞ்சு நிறக் கோட்டு. முதுகில் 'பேரிடர்த் தன்னார்வலர்' என்று பெரிய எழுத்து. அந்தக் கோட்டு வந்ததும் குரலால்தான்.

முகத்துவாரம் குறுக்குத் தெருவின் கடலோர முனையில் ஓர் ஐஸ் கம்பெனி. மீன்பிடிப் படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் செய்யும் இடம். ஐஸ் செய்ய அமோனியா வேண்டும். அது கசிந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க, சுகாதாரப் பிரிவிலிருந்து ஜெயஸ்ரீ மேடம் வந்து கூட்டம் போட்டார்.

"தெருவுக்கு ஒரு தன்னார்வலர் வேணும். முடியாதவங்க இப்பவே முடியாதுன்னு சொல்லிடுங்க" என்றார் மேடம்.

எல்லோரும் சத்தமாக முடியாது என்றார்கள். கார்குழலியும் சொன்னாள்.

அவள் தோளில் கோட்டை மாட்டிவிட்டு மேடம் விளக்கினார். "இந்த மாசத்துல ஒரு நாள் ஒத்திகை. எந்த நாள்னு சொல்ல மாட்டோம். ஐஸ் கம்பெனி மாடியில சைரன் அடிக்கும். ஈரத்துணியால மூக்கைப் பொத்திக்கிட்டு எல்லாரும் தெக்கால ஸ்கூல் கிரவுண்டுக்கு வந்துடணும். அங்க அமீருதீன் பாய் பந்தல் போட்டிருப்பார். பாதித் தெரு வந்தாப் போதும், உனக்கு நம்ம சுகாதார நிலையத்துலயே வேலை. வரலைன்னா கோட்டைத் திருப்பிக் குடுத்துடும்மா."

அந்த வேலை வீட்டுக்குத் தேவையாக இருந்தது. அம்மா ரமாபாய்க்குக் கால் வீங்கியதிலிருந்து இறால் உரிக்கப் போக முடியவில்லை. காலை நீட்டி வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற எல்லோரிடமும் காலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

கார்குழலி மாடிப்படியில் உட்கார்ந்து, மனத்துக்குள் சைரனை ஊதிப் பார்த்தாள். தெருவே ஈரத்துணியோடு வெளியே வந்தது. மீன்கூட்டம் திரும்புவதுபோல ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்பியது. யாரும் பேசவில்லை. தூரத்தில் வள்ளூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், இதற்கென்றே செய்ததுபோல, வெள்ளை மேகங்களை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டிருந்தன.

மறுநாள் வீடு வீடாகப் போனாள்.

பஜ்ஜிக் கடை வேம்புவிடம் ஈரத்துணி, சைரன், மைதானம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். வேம்பு இரண்டு பஜ்ஜியைப் பேப்பரில் சுற்றி நீட்டினாள்.

"சட்னி வாணாந்தானே?"

எதிர்வீட்டு ஷம்ஷாத் முழுவதையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அம்மாக்குக் காலு இப்ப தேவலையாமா?" என்றாள்.

லோகநாதன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகியதால், நல்ல விசாரிப்பும் சண்டைபோலவே இருக்கும். அப்போதுதான் அவர், எதிர்வீட்டுக்காவது கேட்குமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். கேட்டுவிட்டு, "உன்ன நம்பி ஒரு தெரு கீதுன்னு நெனச்சா எனக்கே ஜொரம் வருது" என்று ஜுரமே இல்லாத குரலில் சிரித்தார்.

வாய் உதவாது என்று தெரிந்ததும் கார்குழலி ஒரு சாக்பீஸை எடுத்தாள். தெருநடுவே நீலநிறத் தண்ணீர்த் தொட்டி இருந்தது. குடத்தோடு வராதவர்கள் தெருவில் இல்லை. மேடம் கொடுத்த தாளில், ஒத்திகையின்போது எட்டுப் பேர் மயங்கியதுபோல நடிக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதையே எழுதினாள்:

'ஒத்திகையில் மயக்கம் போட எட்டுப் பேர் தேவை. ஆம்புலன்ஸ் உண்டு. இளநீர் உண்டு. போட்டோ உண்டு.'

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் கூட்டம்.

"செயலாளர்ன்ற மொறையில மொத மயக்கம் என்னுது" என்றார் லோகநாதன்.

"நீ ஏன் நைனா வுயணும்? வுயுந்தா ஒன்னத் தூக்க கிரேன் வரணும்" என்றாள் வேம்பு. "நான் போடறேன் பாரு" என்று அங்கேயே கண்ணைச் செருகிச் சரிந்தாள்.

ஷம்ஷாத் சுற்றி வந்து பார்த்தாள். "இது மயக்கமா? மத்தியானம் துன்ன சோத்துக்குத் தூக்கம். மயக்கத்துல யாராவது சேலயச் சரி பண்ணுவாங்களா?"

மயக்கத்தில் இருந்த வேம்பு எழுந்து சண்டைக்கு வந்தாள்.

தெருவில் மயங்க விருப்பமில்லாத ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் மயங்கிவிட்டால் மைதானத்துக்கு நடந்து வர யார் மிச்சம்? கார்குழலி தொட்டியில் இன்னொரு வரி சேர்த்தாள்: 'உடம்பு சரியில்லாதவர்களுக்கு முன்னுரிமை.'

மறுநாள் காலை முழுத் தெருவும் இருமியது. கல்யாணத்துக்குப் புதுப்புடவை எடுப்பதுபோல ஆளாளுக்கு ஒரு நோய் எடுத்துக்கொண்டார்கள். லோகநாதன் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். ரமாபாய் காலை மேலும் ஒரு சாண் நீட்டி, "நெசமான நோயாளி இங்க குந்தினு கீறேன், எவளாவது கேக்கறாளா?" என்றாள்.

கார்குழலி யோசித்தாள். யோசிக்கும்போது அவள் கண் கடல் பக்கம் போய்விடும். ஐஸ் கம்பெனி வாசலில் பாளங்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைந்த ஐஸிலிருந்து புகை எழுந்து, தரையோடு தவழ்ந்து, வெயிலில் காணாமல் போனது. ஒரு நாள் அந்தப் புகையின் மேல் ஏறி உட்கார்ந்து முகத்துவாரத்தைத் தாண்டிப் போவதாக அவள் நினைத்துக்கொள்வதுண்டு. பாதி வழி போனபோது யோசனை கிடைத்தது.

பள்ளி மைதானத்துக்குப் போய்க் கோலப்பொடியால், ஆள் நீளத்துக்கு எட்டுக் கட்டங்கள் போட்டாள். திரும்பி வந்து தொட்டியில் இருந்ததை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

'சைரன் அடித்த பிறகு முதலில் ஓடிவந்து கட்டத்தில் படுக்கும் எட்டுப் பேருக்கே மயக்கம். ஈரத்துணி இல்லாமல் வந்தால் மயக்கம் செல்லாது. வீட்டில் யாரையாவது விட்டுவிட்டு வந்தாலும் செல்லாது.'

தெரு மாறிப்போனது. எல்லார் வீட்டுக் கதவிலும் ஈரத்துண்டு தொங்கியது. ஷம்ஷாத் செருப்பைக் கழற்றுவதே இல்லை. லோகநாதன் அதிகாலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப் பழகினார். வேம்புவின் தம்பி, தான் மிதிக்கும் மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்கு எண்ணெய் விட்டான். நடக்க முடியாதவர்களை ஏற்றிச் சென்றால் யாரையும் விட்டுவிட்டு வந்ததாக ஆகாதல்லவா? முதல் சீட்டு ரமாபாய்க்கு.

கார்குழலிக்கு நிம்மதி. அது இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

ஷம்ஷாத் வீட்டு குக்கர் விசில் அடித்தது. பாதித் தெரு மைதானத்தில் போய்ப் படுத்தது. எண்ணூர் ஸ்டேஷனில் ரயில் நீளமாக ஹாரன் கொடுத்தது. மீதிப் பாதியும் போய்ப் படுத்தது. கட்டம் கிடைக்காதவர்கள் கட்டத்தில் கிடந்தவர்களைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கைதட்டினார்கள்.

ஜெயஸ்ரீ மேடம் போன் செய்தார்.

"என்னம்மா நடக்குது அங்க? தலைமையாசிரியர் எனக்குப் போன் போட்டுக் கத்தறார். தலையில கட்டோட ஒரு பெரியவர் வகுப்புக்கு வெளியே கிடக்கறாராம், எழுப்பினா 'மயக்கத்துல கீறேன், தொடாத'ங்கறாராம்!"

கார்குழலி விளக்கினாள்.

"என்ன? சத்தமா பேசும்மா. சரி, இதைக் கேட்டுக்கோ. ஒத்திகை இல்லாத நாள்ல இன்னொரு தடவை ஒரே ஒருத்தர் அங்க படுத்திருந்தாலும், கோட்டைக் கழட்டி வெச்சுடணும். வேலையை மறந்துடு."

அவள் தொட்டியைச் சுற்றிலும் நான்கு பக்கமும் எழுதினாள்: 'சைரன் அடித்தால் மட்டும். சைரன் அடித்தால் மட்டும்.' மாதக் கடைசிவரை குக்கர் விசில் அடிக்கக் கூடாது, ரயில் ஹாரன் கொடுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ரயில் கேட்கவில்லை. ஆனால் தெரு கேட்டது. யாரும் ஓடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கடற்காற்று தொடங்கும் நேரம். வேம்பு முதல் பஜ்ஜியை எண்ணெயில் போட்டாள். ஐஸ் கம்பெனி மாடியிலிருந்து சைரன் அடித்தது.

அது குக்கருமில்லை, ரயிலுமில்லை. முதலில் மெலிதாகத் தொடங்கி, நீண்டு, வானத்தையே மடித்துப் போடுவதுபோல ஏறியது. கார்குழலி எழுந்து நின்று வாயைத் திறந்தாள். கத்துவதற்குள் தெரு காலியாகிவிட்டது.

வேம்பு அடுப்பை அணைத்தாளே தவிர பஜ்ஜியை எடுக்கவில்லை. ஷம்ஷாத் தன் மாமனாரைத் துண்டோடு மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டு அதற்கு முன்னால் ஓடினாள். வண்டியில் ரமாபாய் ராணிபோல உட்கார்ந்து, "மெதிக்கிறியா, சும்மா குந்தினு வரியா? ஷம்ஷாத் முந்தறாடா!" என்று வேம்புவின் தம்பியை விரட்டினாள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் ஆட்டின் மூக்குக்கும் ஈரத்துணி கட்டியிருந்தார்கள். கார்குழலி ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே கடைசியாக வந்தாள். ஒரு வீட்டிலும் ஒருவரும் இல்லை.

தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். கம்பெனிப் பக்கத்திலிருந்து வெள்ளையாக ஒன்று தரையோடு தவழ்ந்து தெருவுக்குள் வந்துகொண்டிருந்தது. தொட்டியைத் தொட்டு, வாசற்படிகளைத் தொட்டு, அவசரமே இல்லாமல் வந்தது. அழகாக இருந்தது.

மைதானத்தில் முதல் கட்டத்தில் லோகநாதன் தலைக்கட்டோடு கிடந்தார். வேம்பு இரண்டாவது. ஷம்ஷாத் மூன்றாவது. கட்டம் கிடைக்காதவர்கள் இன்று சண்டை போடவில்லை. பக்கத்திலேயே கட்டமில்லாமல் மயங்கிக் கிடந்தார்கள்.

"கண்ணு எரியுதுடி" என்றாள் வேம்பு, கண்ணைத் திறக்காமல்.

"காலைலேர்ந்து எண்ணச் சட்டிகிட்ட நின்னா எரியாதா?" என்றாள் ஷம்ஷாத். "தெருவுல கொசு மருந்து வேற அடிச்சினு கீறான். ஆளு இல்லாத நேரமாப் பாத்து வந்துருக்கான், கபோதி."

"மயக்கத்துல பேசாதீங்கமே" என்று லோகநாதன் மயக்கத்திலிருந்தே அதட்டினார்.

"ஆமா, பந்தலக் காணோமே?" என்றாள் வேம்பு.

"வரும், வரும். மூஞ்ச வாட்டமா வெச்சுக்க" என்றாள் ஷம்ஷாத்.

மணியடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் நன்றாக மயங்கினார்கள். வண்டி மைதானத்தைத் திரும்பியும் பார்க்காமல் தெருவை நோக்கிப் போனது.

லோகநாதன் ஒரு கண்ணைத் திறந்தார். "இன்னாய்யா இது அநியாயம்? இத்தினி பேரு இங்க கெடக்கறோம், அவம்பாட்டுக்கு அங்க போறான்!"

"ஆம்புலன்ஸு எங்க? எளனி எங்க?" என்று ரமாபாய் வண்டியிலிருந்தே கேட்டாள்.

கார்குழலி எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணத் தேவையே இல்லை. பாதித் தெரு கேட்டார்கள்; முழுத் தெருவும் வந்திருந்தது. சுகாதார நிலையத்தில் ஜன்னலோரம் தனக்கொரு நாற்காலி இருப்பதாகவும், அங்கே வருகிறவர்கள் எல்லோரும் கொஞ்சம் குனிந்து அவள் சொல்வதைக் கேட்பதாகவும் நினைத்துக்கொண்டாள்.

அப்போது பின்பக்கக் கேட்டைத் திறந்துகொண்டு பந்தல்கார அமீருதீன் பாய் வந்தார். கையில் அளக்கும் டேப். படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி நடந்து, லோகநாதனின் கால்மாட்டில் வந்து நின்றார்.

"கொஞ்சம் காலை மடக்கிக்க மாமு, கம்பம் நட எடம் பாக்கணும்" என்றவர் சுற்றிலும் பார்த்தார். "இன்னாம்மா, இன்னிக்கே வந்து படுத்துகினு கீறீங்க? டிரில்லு வெள்ளிக்கெயமதானே?"

கார்குழலியின் கை, கோட்டின் மேல் பொத்தானுக்குப் போனது.

இரண்டாவது தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு கடந்தது. அதன் பின்னால் மூன்றாவது. படுத்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பிறகு, மீன்கூட்டம் திரும்புவதுபோல, எல்லாம் ஒரே நேரத்தில் தெருவின் பக்கம் திரும்பின. அந்த வெள்ளைக்குள் பஜ்ஜிக் கடையைக் காணோம். நீலத் தொட்டியைக் காணோம். சைரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

பொத்தானைக் கழற்றாமல் கார்குழலி கையை எடுத்தாள்.

லோகநாதன் முதல் கட்டத்திலிருந்து எழுந்தார். தலைக்கட்டை அவிழ்த்து, தண்ணீர்க் குழாயில் நனைத்து, மூக்கில் கட்டிக்கொண்டார். கார்குழலியை ஒரு முறை பார்த்தார். விஷயம் தெரியாமல் தெருவுக்குள் திரும்பும் வண்டிகளை மறிக்க, மெயின் ரோடு முனையை நோக்கி நடந்து போனார்.