எழுதமாட்டன் எண்ட சேர்வர்

அண்டைக்கு எனக்குக் குடுத்தது சின்ன வேலை. கொழும்பில வாங்கின சேர்வரை வான்ல மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து, ஒப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுக் குடுக்கோணும். அவ்வளவுதான்.

சண்டைக் காலம். நான் ஒரு தொண்டு நிறுவனத்தில புதுசாச் சேர்ந்த கம்பியூட்டர்காரன். வேலை இன்னும் நிரந்தரமாகல்ல.

மனேஜர் தெளிவாச் சொன்னாரு: "தம்பி, திங்கக்கிழமை பெரிய ஆக்கள் பார்க்க வாறாங்க. அதுக்குள்ள சேர்வர் ஓடினா வேலை நிரந்தரம். இல்லாட்டி உங்க ஊர் சித்தாண்டிக்குப் போய் அப்பாட வயல் வட்டைக்குள்ள குருவி கலை."

"சேர், இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு!"

கொழும்புக் கடைக்காரன் சேர்வரைத் திறந்து காட்டினான். நாலு டிஸ்க். நாலையும் ஒண்டாக் கட்டி மேய்க்க ஒரு கார்ட். அந்தக் கார்டில, தீப்பெட்டி அளவில ஒரு பட்டரி.

"கரண்ட் போனா, எழுதிக்கொண்டிருந்ததை இதுதான் காப்பாத்தும்" எண்டான்.

பட்டரி! அந்தக் காலத்தில பட்டரி எண்டாலே குண்டுக்குத்தான் எண்டு ஆமி நினைக்கும். ரேடியோ பட்டரிக்கே ரோட்டில மறிச்சுப் பார்க்கிற ஆமிச் சென்றியில ஆயிரம் கேள்வி. இது வயரோட வேற இருக்கு!

வழியில இருந்த சென்றியெல்லாம் பெட்டியைத் திறக்காமலே விட்டாங்க. அதிலேயே எனக்குப் பயம் கூடிட்டுது. அப்ப கடைசிச் சென்றியில திறக்கத்தானே போறாங்க!

வான் வாவிப் பாலத்தில ஏறிச்சு. ட்ரைவர் குணமண்ணன் "என்னகா செய்யிறாய்?" எண்டு கேட்டு முடிக்க முதல், பெட்டியைத் திறந்து, பட்டரியைக் கழட்டி, ஜன்னலால வாவிக்குள்ள எறிஞ்சிட்டன். ஒபீஸிலதான் ஜெனரேட்டர் இருக்கே, பட்டரி எதுக்கு? என்ன மூளை எனக்கு!

சென்றியில ஆமிக்காரன் பெட்டியைத் திரும்பியும் பார்க்கல்ல. ஐடென்டிட்டி காட்டை வாங்கிப் பார்த்தான். மறுகா கையில இருந்த எரியாத டோர்ச்சை ரெண்டு தட்டுத் தட்டிப்போட்டுக் கேட்டான்:

"தம்பி, பட்டரி இருக்கா?"

குணமண்ணன் என்னைப் பார்த்தாரு. நான் வாவியைப் பார்த்தன்.

ஒபீஸுக்கு வந்து சேர்வரைப் போட்டா, முதல்ல ஒரு கத்துக் கத்திச்சு. திரையில சிவப்பில ஏதோ எழுத்து. இதையெல்லாம் நிண்டு படிக்க ஆருக்கு நேரம்? எண்டரைத் தட்டினன்.

சீடி ஓடிச்சு. டிஸ்க் நாலும் தெரிஞ்சுது. நான் கையைத் தேய்ச்சுக்கொண்டு இருக்க, "டிஸ்கில எழுத ஏலாது" எண்டு நிண்டுட்டுது.

சீடியில பிழை எண்டு சீடியை மாத்தினன். எழுதல்ல. டிஸ்குகளை இடம் மாத்தினன். எழுதல்ல. கட்டினதைப் பிரிச்சுத் திரும்பக் கட்டினன். ம்ஹூம்! ஒவ்வொரு தடவையும் அது கத்திச்சு, நான் எண்டர் தட்டினன். மாமாங்கக் கோயில்ல தேங்காய் உடைக்கிறதாயும் நேந்தன். தேங்காய்க்கும் மசியல்ல.

கடைசியில, "கொழும்பில ஏமாத்திட்டாங்க சேர்! பழுதான சாமான்!" எண்டு மனேஜர்ட்டப் போய்ச் சத்தம் போட்டன்.

மனேஜர் கொழும்புக்கு ஃபோன் எடுத்து ஸ்பீக்கரில போட்டாரு. கடைக்காரன் ஆறுதலாக் கேட்டான்: "சேர், கார்டில பட்டரி இருக்கா பாருங்க. அது இல்லாட்டி அந்தக் கார்ட் எழுத விடாது. ஸ்டார்ட் பண்ணேக்க கத்தி, சிவப்பில சொல்லுமே?"

"பட்டரி எங்க தம்பி?" மனேஜர் என்னைப் பார்த்தாரு.

வான் சாவியைக் குடுக்க வந்த குணமண்ணன்தான் வாசல்ல நிண்டு பதில் சொன்னாரு: "அதுவா சேர்? பாலத்தில வச்சு எறிஞ்சவரே!"

மனேஜர் ஃபோனை வச்சாரு. பிறகு சொன்னாரு: "குணம், நாளைக்கே இவனைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்ப் புதுப் பட்டரி எடுத்து வா. பட்டரி வராட்டி, இவனும் வரத் தேவையில்ல."

புதுப் பட்டரியை மடியில வச்சுக்கொண்டு வந்தன். கடைசிச் சென்றியில ஆமிக்காரன் பார்சலைப் பிரிச்சான். எனக்கு உயிர் போய் வந்துது.

"என்ன இது?"

"கம்பியூட்டர் பட்டரி சேர்."

"ஆ, ஹரி, சரி. போங்க."

அவ்வளவுதான்!

திங்கக்கிழமை சேர்வர் எழுதிச்சு. வேலையும் நிரந்தரமாச்சு. அதுக்குப் பிறகு நான் எப்ப வான்ல ஏறினாலும், பாலம் வர முதல் குணமண்ணன் ஒண்டும் பேசாம என்ட பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏத்திப்போடுவாரு.