மன்னர் போட்ட மிளகாய்

காரமங்கலம் என்ற நாட்டில் ஓட்டுப் போட மிளகாய் போதும். வீட்டுக்கு ஒரு செடி உண்டு. தேர்தல் நாளில் ஒரு காயைப் பறித்துவந்து, மன்னர் நீடிக்கட்டும் என்றால் செம்புப் பானையிலும், ஆண்டது போதும் என்றால் மண்பானையிலும் போட வேண்டும். மன்னரும் அரண்மனைச் செடியின் காயைக் கடைசியாகப் போடுவார். எவ்வளவு அழகான ஏற்பாடு! இதிலும் கைவைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது பாருங்கள்.

அவர் பேரமைச்சர் பூவராகர். வாய்க்காலில் தண்ணீர் குறைந்து, தெருவெல்லாம் முணுமுணுப்புக் கூடிய ஆண்டு அது. மன்னர்மேல் மக்களுக்கு அன்பு பெருக வேண்டும் என்று ஆணையிட்டார்: ஒவ்வொரு செடிக்கு மேலும் மன்னரின் திருவுருவப் படத்தைப் பந்தலாகக் கட்ட வேண்டும். வெயில் படாமல் செடிகள் வெளிறின. பிறகு, தேனீக்கள் படத்தின் மூக்கில் உட்காருகின்றன என்று புகார் வந்தது. செடியையும் படத்தையும் சேர்த்துத் துணியால் மூடுங்கள் என்று அடுத்த ஆணை. தேனீ வராத பூ என்ன காய்க்கும்? நகத்தளவில் கோணிச் சுருண்டு, விதையே இல்லாமல் காய்த்தது.

மக்கள் காயைக் காட்டி அழுதார்கள். பேரமைச்சர் முகம் சுளித்தார்.

"காய் கோணலாக இருப்பது உங்கள் மனக்கோணல். விரல் நீளத்தில் நேராக இருக்கும் காய் மட்டுமே இனிச் செல்லும். கோணல் காய் கொண்டுவரும் வீடு இந்த நாட்டைச் சேர்ந்ததல்ல. அதன் கதவில் கரி பூசப்படும். வாய்க்கால் தண்ணீரும் கிடையாது."

ஆவுடை என்ற பெண்ணுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வீட்டில் கைக்குழந்தை. தண்ணீர் நின்றால் என்ன கதி? அடுப்பில் உலை கொதிக்கும்போதும் எழுந்து ஓடிச் செடியைப் பார்த்தாள். பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டு மறுபடி பார்த்தாள். ஒருநாள் விடிந்ததும் துணியை அவிழ்த்து, படத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சி பதறிப்போனாள். "ஏ ஆவுடை, காவக்காரன் பாத்தான்னா தொலைஞ்ச!"

"தொலைஞ்சாத் தொலையுறேன். எம்புள்ள தண்ணியில்லாம சாகணுமா?"

தினமும் அப்படியே செய்தாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் மூடுவாள், நின்றால் திறப்பாள். ஒரே ஒரு பூவில் காய் நீண்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்தல் நாள். ஒவ்வொரு வீட்டுக் காயையும் பேரமைச்சர் அளவுகோலில் வைத்தார், தூர எறிந்தார். காய் எறியப்பட்ட வீட்டுக்குக் கரிச்சட்டியோடு ஆள் ஓடினான். பேச்சியின் காயும் போயிற்று. ஆவுடையின் காய் மட்டும் கோலோடு கோலாகப் படுத்தது. அவள் அதை மண்பானையில் போட்டாள். பேரமைச்சரின் தாடை இறுகியது. ஆனால் சட்டம் சட்டம்தானே.

கடைசியாக மன்னர் எழுந்தார். அரண்மனைச் செடிக்கு மேல் இருந்ததுதான் நாட்டிலேயே பெரிய படம். மன்னர் கையை விரித்தார். உள்ளங்கையில் பட்டாணி அளவில் ஏதோ சுருண்டு கிடந்தது.

பேரமைச்சர் இரண்டு கையாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆகா, என்ன நேர்! இந்தக் கணம் முதல் நேர் என்றால் இதுதான்."

"அப்போ எங்க காயும் நேருதானே சாமி!" என்று மக்கள் ஆரவாரித்தார்கள்.

"புதுச் சட்டம் பின்னோக்கிப் பாயாது. உங்கள் காய்கள் பழைய சட்டப்படி கோணல்." மண்பானைக்குள் கைவிட்டு ஆவுடையின் காயை எடுத்தார். "பானையில் உள்ளதை எண்ணுவது இப்போதுதான். ஆகவே இது புதிய சட்டப்படி கோணல்."

காயை எறிந்தார். கரிச்சட்டிக்காரன் ஆவுடை வீட்டுக்கு ஓடினான்.

"ஐயா, வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

"அதை உன் நாட்டு மன்னரிடம் போய்க் கேள்."

செம்புப் பானையில் மன்னர் போட்ட ஒரே ஒரு காய் இருந்தது. நாடே ஒருமனதாக மன்னரைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்று முரசு அறைந்தார்கள்.

ஆவுடைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எல்லாரையும் தள்ளிட்டீங்களே, இந்த நாட்டுல இனி யாருய்யா இருக்கா?"

பேரமைச்சர் உண்மையாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தார்.

"ஏன், மன்னர் இருக்கிறாரே!"