விழவில்லை, உட்கார்ந்தேன்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம். நலமில்லை என்று உங்கள் மனைவி, அதாவது என் மகள், வந்து சொல்லியிருப்பாள், நம்பாதீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே அவள் பிடுங்கிப் பேசுவாள், அதனால்தான் கடிதம்.

ஒன்றரை மாதம் முன்பு நூலகத்தில் நின்றபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலைப்பிலேயே ஒற்றுப்பிழை. அடுத்துப் பார்த்தால் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான்! அதற்குள் நூலகர், "ஐயோ, பெரியவர் விழுந்துட்டாரு!" என்று ஊரைக் கூட்டிவிட்டார். விழுந்தவன் எனக்குத் தெரியாதா, நான் விழவில்லை என்று?

உங்கள் மனைவி ஓடி வந்து தெருமுனை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் ரத்தம் எடுத்து, நாடி பிடித்து, எதுவும் பிடிபடாமல், பெரிய நரம்பு டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அவரைப் பார்க்க ஆறு வாரம் காத்திருக்கணுமாம். சரி, காத்திருக்கலாம். அதுவரை கடிதத்தைப் பிரிக்காமல் இருக்க முடியுமா? முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்துல பிழை திருத்தினவன் மாப்பிள்ளை நான்! "திடீரென்று மயங்கி விளுந்தார். காரனம் தெரியவில்லை." படிச்ச மனுஷன் எழுதற எழுத்தா இது? சிவப்புப் பேனாவை எடுத்தேன். எழுத்துப்பிழையைத் திருத்திட்டுப் பொருட்பிழையை விட்டுடலாமா? தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கில்ல? "மெதுவாக உட்கார்ந்தார். காரணம்: கால்வலி"ன்னு சுத்தமாத் திருத்தி, உறையை ஒட்டிட்டேன்.

நேத்து பெரிய டாக்டர் படிச்சார். உங்க மனைவி வாயைத் திறக்கறதுக்குள்ள, "உட்கார்ந்ததுக்கெல்லாம் எங்கிட்ட ஏம்மா கூட்டிட்டு வர்றீங்க? ஒரு நாற்காலி வாங்கிக் கொடுங்க"ன்னு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். வெளியே வந்து கடிதத்தைப் பார்த்தவ அழுதுட்டா. "ஆறு வாரம்ப்பா! நீங்க தனியா எங்க விழுந்து கெடப்பீங்களோன்னு நான் ஆறு வாரமாத் தூங்கல." நான் சும்மா இருந்திருக்கலாம். "'கெடப்பீங்களோ' இல்லம்மா, 'கிடப்பீர்களோ'"ன்னேன். பஸ் ஏறிட்டா.

ஒரு மனுஷன் உட்கார்ந்ததுக்கு இவ்வளவு அமர்க்களமா? நீங்களே நியாயம் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
சொந்தக் காலில் நிற்கும்
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: தபால்தலை எடுக்க எழுந்தேன். முழிச்சுப் பார்த்தா அலமாரி ஓரத்துல கெடந்தேன். எவ்வளவு நேரமோ, தெரியல. கூப்பிட்டேன், கேட்க ஆள் இல்லை. பயமா இருக்கு மாப்பிள்ளை. மேலே "உட்கார்ந்தேன்" என்று வரும் இடங்களிலெல்லாம் "விழுந்தேன்" என்று திருத்திப் படிக்கவும். அவளை அனுப்பி வையுங்கள். தெருமுனை டாக்டர்கிட்ட புதுசா ஒரு கடிதம் வாங்கிக்கட்டும். பிழையோடவே இருக்கட்டும்.