ஜாதிக் கோழிக்கு முதல் பரிசு

ஒரு தேசம் எவ்வளவு நாகரிகம் அடைந்திருக்கிறது என்பதை அதன் கோழியின் கொண்டையை வைத்தே சொல்லிவிடலாம். இந்தப் பேருண்மையை உலகம் இன்னும் அறியவில்லை. பாகலூர் 1956-லேயே அறிந்துவிட்டது. அறிந்ததோடு நிற்காமல் சங்கமும் வைத்தது. 'பாகலூர் வட்டார அலங்காரக் குறுங்கோழி அபிவிருத்திச் சங்கம்' என்று பெயர். பெயர் நீளம், கோழி குட்டை. நான் அதன் கௌரவக் காரியதரிசி.

தலைவர் சென்னகிருஷ்ணன். ஏரிக்குக் கீழே உள்ள நன்செய் முழுவதும் அவருடையது. ஏரி மட்டும் சர்க்காருடையது; அது தண்ணீருக்குத் தெரியாது. பெங்களூர் கண்டோன்மென்டிலிருந்து சீமைக்குக் கப்பலேற இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் அவர் ஒரு ஜோடிக் கோழி வாங்கிவந்தார். உள்ளங்கையில் உட்காரும் உடம்பு. தலையில் மட்டும் வெடித்த பருத்திக்காய் போல வெள்ளைக் கொண்டை. அது கண்ணை மறைத்ததால் இரண்டும் சுவரில் முட்டி முட்டி நடந்தன.

"பாத்தியா நடைய?" என்றார் தலைவர். "முன்னால என்ன இருக்குதுன்னு கவலையே இல்ல பாரு. அதான் பெரிய எடத்துப் பொறப்பு."

தலைவருடைய நடையையும் பல வருஷமாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் நான் ஆமோதித்தேன்.

மதிப்பீட்டு விதிகளை ஒரே மாலையில் வகுத்தோம். மார்க்கில் பாதி கொண்டைக்கு. மீதி வாலுக்கும் நடைக்கும் 'குலப் பெருமை'க்கும். முட்டைக்கு ஏதாவது உண்டா என்று கமிட்டி உறுப்பினர் எல்லப்பன் கேட்டார்.

"முட்ட போடறதுக்கு ஊர்ல வேற கோழியே இல்லியா?" என்றார் தலைவர்.

அடுத்தது ரத்தத் தூய்மை. அந்த வருஷம் டில்லியில் ராஜ்யங்களுக்கு எல்லை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கோழிகளுக்குப் போட்டோம். ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் நாட்டுக்கோழி வரக்கூடாது. வந்தால் தலையாரி பிடித்துத் தலைவர் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்தவற்றை நிர்வாகக் கமிட்டி 'பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது'. பரிசீலனை நாட்களில் தலைவர் வீட்டு அம்மியில் மிளகும் மல்லியும் அரைபடும். கமிட்டிக் கூட்டத்துக்கு ஒருவர்கூட வராமல் இருந்ததில்லை.

சீமைப் பெட்டை முட்டை இட்டது. ஆனால் அடைக்கு உட்கார மறுத்தது. இட்ட இடத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. சங்கத்தின் எதிர்காலம் வைக்கோலில் சில்லிட்டுக் கிடந்தது. கமிட்டி இரண்டு முறை கூடி ஆழ்ந்த கவலை தெரிவித்தது. முட்டை சூடாகவில்லை.

தலைவரின் மனைவி சரோஜம்மாள் கமிட்டியில் இல்லை. அதனால் அவருக்கு வழி தெரிந்தது. மாட்டுக் கொட்டாய் கூட்டவரும் நாராயணம்மாவைப் பின்வாசலில் நிறுத்தினார்.

"உம் பெட்ட அடைக்கு உக்காந்திருக்குதாமே?"

"ஆமாம்மா. நேத்துதான் உக்காந்துச்சு."

"இந்த முட்டைங்களையும் சேத்து வச்சுடு. வெளிய சொல்லாத."

நாராயணம்மா ஒரு முட்டையை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "எங்கோழிக்கு ஜாதி கீதி தெரியாதும்மா. வயித்துக்கடியில எத வச்சாலும் பொரிச்சுடும். ஆனா அந்தத் தலையாரி அது மேல கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டான். நான் சொல்றேன், போ."

இவ்வாறாக, ஏரிக்கு அந்தப் பக்கம், சேரியில், ஒரு சிவப்பு நாட்டுப் பெட்டையின் அடிவயிற்றில் சங்கத்தின் எதிர்காலம் பொரிந்தது. பிழைத்தது ஒரு சேவல் குஞ்சு. நாராயணம்மா அதற்குக் கேழ்வரகுக் களியை உருட்டி ஊட்டினாள். கொண்டை வளர்ந்து கண்ணை மறைத்தபோது, தீனி தெரியட்டும் என்று சேலைக் கிழிசலால் அதைத் தூக்கிக் கட்டிவிட்டாள். குல்லா என்று பெயர் வைத்தாள். 'பா... பா...' என்று அவள் குரல் கேட்டால் போதும், எங்கிருந்தாலும் ஓடிவரும். இரவில் சிவப்புப் பெட்டையின் இறக்கைக்குள் கொண்டை மட்டும் வெளியே தெரியத் தூங்கும்.

இது ஊருக்கெல்லாம் தெரியும். ஆகவே சங்கத்துக்குத் தெரியாது. 'தலைவரின் நேரடிப் பராமரிப்பில் சீமைச் சேவல் செழித்து வருகிறது' என்று நான் ஆண்டறிக்கை வாசித்தபோது பலத்த கரகோஷம் எழுந்தது.

கண்காட்சி தலைவரின் மாந்தோப்பில். அதற்கு முந்தைய மாலை குல்லாவைத் தலைவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சிவப்புப் பெட்டை விடவில்லை. கொக்கரித்துக்கொண்டே பின்னால் ஏரிக்கரையைத் தாண்டி வந்துவிட்டது. எல்லை மீறல் கண்கூடு. தலையாரி கடமையைச் செய்தார். பெங்களூரிலிருந்து வரும் கோழி நிபுணர் திம்மப்பனுக்கு மதியம் என்ன சமைப்பது என்ற சிக்கலும் அத்துடன் தீர்ந்தது.

போட்டிக்கு வேப்பனப்பள்ளியிலிருந்து இரண்டு கோழிகள் வந்தன. ஒன்றின் கொண்டை நிபுணர் கையோடு வந்துவிட்டது. பசை சரியில்லை. மற்றது அந்த அதிர்ச்சியில் முட்டையிட்டுத் தன் தரத்தைத் தானே குறைத்துக்கொண்டது. எஞ்சியது குல்லா. அது கூண்டு மூலையில் தலையைப் புதைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"நோடி, நடைக்கு மார்க்கு இருக்கல்லா?" என்றார் திம்மப்பன் கன்னடம் கலந்த தமிழில், கூண்டைத் திறந்து. "இது நிக்கவே இல்லியே!"

தலைவர் கூண்டைத் தட்டிப் பார்த்தார். அப்போது வேலிக்கு வெளியே ஒரு குரல்: "பா... பா..."

நாராயணம்மா தன் பெட்டையைத் தேடி வந்திருந்தாள். குல்லா நிமிர்ந்தது. கூண்டை விட்டுப் பாய்ந்தது. மேஜைக் காலில் முட்டி, நிபுணரின் பூட்ஸில் முட்டி, வேலியில் புகுந்து அவளிடம் போய்ச் சேர்ந்தது.

"ஆஹா! என்ன நடை!" என்று நிபுணர் முழு மார்க் போட்டார்.

"கோழியக் குடு," என்றார் தலைவர், வேலியருகே போய்.

"எங்கோழிய மொதல்ல குடுங்க ஆண்டே. அப்பறம் இத எடுத்துக்குங்க."

"எந்தக் கோழி?"

"உங்க சமையக்கட்டுல கட்டிப் போட்டிருக்கே, அது. இதோட ஆத்தா."

நிபுணர் கண்ணாடியைக் கழற்றினார். மாமரத்தடியில் அவசரக் கூட்டம் கூடியது.

"சேரியில பொறந்ததுக்குக் கோப்பையா?" என்று எல்லப்பன் குமுறினார். தீண்டாமை சட்டப்படி குற்றமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆகவே இந்தக் கேள்வி கோழியைப் பற்றி மட்டுமே என்று தெளிவுபடுத்தப்பட்டது.

நிபுணர் தீர்ப்புச் சொன்னார்: "அடைகாக்கிறது வெறும் சூடு. அடுப்புச் சூடு மாதிரி. ரத்தம் முட்டைக்குள்ளயே முடிஞ்சுபோச்சு. சோறு வெந்தா போதும். அடுப்பு யாரோடதுன்னு யாராச்சும் கேப்பாங்களா?"

எங்கள் ஊரில் அதைத்தான் முதலில் கேட்பார்கள் என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. 'நாட்டுப் பெட்டை ஒரு கருவியே' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தீர்மானத்தை நான் வேலிக்கு வெளியே வாசித்துக் காட்டினேன்.

"கருவியோ கிருவியோ, அது என்னுது," என்றாள் நாராயணம்மா. "கழுத்தறுக்கறதுக்குள்ள குடுங்க."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் கொட்டாயி வேலைக்கு வர்ற நெனப்பு இருக்குதா, இல்லியா?"

அவளுக்கு அந்த வீட்டுக் கூலியை விட்டால் வேறு கூலி பக்கத்தில் இல்லை. ஆனாலும் குல்லாவைக் கீழே விடவில்லை. "வரல, ஆண்டே. இதுவும் வராது."

அந்த நேரம் சமையற்கட்டிலிருந்து சரோஜம்மாள் வந்தார். அத்தனை ஆண்கள் கூடியிருந்த இடத்துக்கு அவர் வந்ததை அன்றுதான் பார்த்தோம். கையில் சிவப்புப் பெட்டை. அதன் கால்கட்டை எல்லார் முன்னாலும் அவிழ்த்தார்.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார் கணவரைப் பாராமலே. "அரைச்ச மசாலா ஒண்ணும் வீணாப் போவாது. கத்திரிக்கா கெடக்குது."

நிபுணர் அன்று கத்திரிக்காய் கொஜ்ஜு சாப்பிட்டார். ரத்தத் தூய்மை பற்றி அதன்பிறகு அவர் அதிகம் பேசவில்லை.

நாராயணம்மா பெட்டையின் கால்களைத் தடவிப் பார்த்து, ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு சொன்ன சொல் தவறாமல், குல்லாவை ஏந்திப் பரிசு மேடையை நோக்கி நடந்தாள். வேறு யார் தொட்டாலும் அது கொத்தியது. முதல் படியருகே வந்ததும் தலைவர் கை காட்டினார்.

"அங்கயே நில்லு. கோழிய மட்டும் படியில வுடு."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து குல்லாவைப் படியில் விட்டு, "போடா," என்று பின்னால் மெல்லத் தட்டினாள். அது ஒவ்வொரு படியிலும் முட்டிக்கொண்டு மேலேறியது. அவள் திரும்பிப் பார்க்காமல் பெட்டையோடு ஏரிக்கரை ஏறிப் போனாள். மறுநாள் கொட்டாய் கூட்ட வரவில்லை. ஜவளகிரிக் காட்டுப் பக்கம் சுள்ளி பொறுக்கப் போவதாகக் கேள்வி.

இவ்விதமாக எங்கள் சங்கம் தேசத்துக்கே வழிகாட்டியது. சேரிக் குடிசையில் பிறந்து, நாராயணம்மா கையால் களி தின்று வளர்ந்த ஓர் உயிரை நாங்கள் மேடையேற்றினோம்; மாலை போட்டோம்; தலைவருக்குச் சமமாக நாற்காலியில் உட்காரவைத்துப் படமும் பிடித்துக்கொண்டோம். அதற்கு நாங்கள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அந்த உயிர் கோழியாக இருக்க வேண்டும்.