மாஷ்கோம் அணியும் இரண்டாம் முறை இறந்த சித்தப்பாவும்

அந்த ஞாயிற்றுக்கிழமையை எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று விக்னராஜா தீர்மானித்துவிட்டார். திருமணமான நாள் முதல் அவர் எடுத்த தீர்மானங்களுள் மனைவி யோகராணியைக் கேளாமல் எடுத்தது இது ஒன்றுதான். ஆகவே அதற்குத் தனியொரு கம்பீரம் இருந்தது.

காரணம் மாஷ்கோம். மழையையும் ஆட்டையும் தவிர வேறெதுவும் விளையாத ஓர் ஆங்கிலேயச் சிற்றூர் அது. இளமையில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போன விக்னராஜா, அவ்வூர் றக்பி மைதானத்துக்கு எதிரே ஓர் அறையில் குடியிருந்தார். ஒரு சனிக்கிழமை ஆள் குறைந்தபோது அவரையும் பிடித்து மூன்றாம் அணியில் இறக்கினார்கள். பந்து அவர் பக்கம் வரவே இல்லை. வந்திருந்தால் தாம் இன்று உயிரோடு இருந்திருக்கமாட்டோம் என்பதை அவரும் மறுப்பதில்லை. ஆயினும் “நான் மாஷ்கோமுக்கு விளையாடினனான்” என்ற வாக்கியம், அவர் இப்போது வாழும் சிட்னிப் புறநகரான டூங்கபியின் தமிழர் அனைவருக்கும் மனப்பாடம்.

இங்கிலாந்து றக்பி ஒரு நெடிய ஏணி. உச்சிப்படியில் நிற்பவர்களை உலகமே தொலைக்காட்சியில் பார்க்கும். மாஷ்கோம் நிற்கும் படியைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் கீழிருந்து எண்ணத் தொடங்குவதே சுருக்கமான வழி. வார நாட்களில் குழாய் திருத்துகிறவர்களும் இறைச்சி வெட்டுகிறவர்களும் சனிக்கிழமையானால் அங்கே சேற்றில் புரண்டு ஒருவரையொருவர் மடக்குவார்கள். கழகத்தின் செயலாளர் அதை ஒரு கமராவில் பிடித்து, மதுக்கூடத்திலிருந்து வீடு திரும்பியதும் இணையத்தில் ஏற்றுவார். அப்போது சிட்னியில் ஞாயிறு விடிந்திருக்கும். விக்னராஜா கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முடிவு என்னவென்று அறியாமலே, பெரிய ரீவியில் ஆட்டத்தைப் பார்ப்பார். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டம் ஆறிப்போன தேநீருக்குச் சமம் என்பது அவர் கொள்கை.

யோகராணி பின்னால் ஒரு கதிரையில் இருந்து கீரை ஆய்ந்தபடி இடையிடையே சந்தேகம் கேட்பார். அறியாதவர்க்கு அறிவு புகட்டும் பெருந்தன்மையோடு விக்னராஜா விடை சொல்வார்.

“தோத்தாலும் புள்ளி குடுக்கிறவையோ?”

“ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள்ள தோத்தா ஒண்டு குடுப்பினம். மானத்தோட தோத்ததுக்கு.”

“நல்ல சட்டம்,” என்றார் யோகராணி. “இந்த வீட்டிலயும் இருந்திருந்தால் உங்களிட்ட இவ்வளவுக்கு நிறையப் புள்ளி சேர்ந்திருக்கும்.”

செப்டெம்பரில் அந்தப் பருவம் இரண்டு வெற்றிகளோடுதான் தொடங்கியது. பிறகு மழை வந்தது. பிறகு அணித் தலைவரின் முழங்கால் போயிற்று. அதன்பின் மாஷ்கோம் வாரந்தோறும் தோற்றது. ஏப்ரலில் கடைசி ஆட்டம் வந்தபோது கணக்கு மிக எளிதாகிவிட்டது: ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் இருக்கும் படியில் இருக்கலாம், கிடைக்காவிட்டால் அதற்கும் கீழே ஒரு படி உண்டு.

அதே ஞாயிறன்றுதான் யோகராணியின் ஒன்றுவிட்ட அண்ணன் வரதராஜன் ஸ்ட்ராத்ஃபீல்டில் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபூரல். அவ்வீட்டில் ஆறு குளியலறைகள். ஒவ்வொன்றையும் விருந்தினர் நேரில் கண்டு வியந்த பின்னரே இலை போடப்படும் என்று கேள்வி.

தப்பும் வழிகளை விக்னராஜா ஆராய்ந்தார். இடுப்புப் பிடிப்பு ஒரு திருமணத்துக்குச் செலவாகிவிட்டது. பல்வலியை ஓர் அரங்கேற்றம் விழுங்கிவிட்டது. எஞ்சியிருந்தது துடக்கு என்னும் சாவுத் தீட்டு. தந்தை வழியில் ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தொரு நாள் எந்த மங்கல காரியத்துக்கும் போகலாகாது. எவரும் வற்புறுத்தவும் மாட்டார்கள். ஆனால் துடக்குக்கு ஒரு பிணம் வேண்டும். உயிரோடிருப்பவரைச் சாகடிக்க அவர் மனம் இடந்தரவில்லை. எனவே ரொறன்ரோவில் பல வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்ட துரைசிங்கம் சித்தப்பாவைத் தெரிந்தெடுத்தார். செத்தவர் இன்னொரு முறை சாவதால் எவருக்கும் நட்டமில்லை.

சனிக்கிழமை மாலை குசினி வாசலில் நின்று முகத்தைத் தொங்கப்போட்டார்.

“ரொறன்ரோவிலயிருந்து போன் கோல் வந்தது. துரைசிங்கம் சித்தப்பா மோசம் போயிட்டார்.”

யோகராணி அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரைச் சிறிது நேரம் பார்த்தார்.

“எந்தத் துரைசிங்கம் சித்தப்பா?”

“எங்கட அப்பான்ர கடைசித் தம்பி.”

“பாவம். அவருக்கும் நல்ல வயசு வந்திருக்கும்.”

“அதுதான் எனக்கு நாளைக்கு வரேலாது. நீர் போயிட்டு வாரும். அவை உம்மட சொந்தமெல்லோ.”

“என்னப்பா கதைக்கிறியள்? தாலி கட்டின அண்டைக்கே உங்கட துடக்கெல்லாம் எனக்கும் வந்திட்டுது. நானும் போகேலாது.”

இதை விக்னராஜா எண்ணிப் பார்த்திருக்கவில்லை. எனினும் மனைவி வீட்டில் இருப்பதால் ஆட்டத்துக்கு ஊறில்லை என்று தேறினார். தேறி முடிப்பதற்குள் யோகராணி அடுப்பை அணைத்தார். கொதித்துக்கொண்டிருந்த ஆட்டிறைச்சிக் கறி, சட்டியோடு, பக்கத்து வீட்டு ஞானேந்திரனிடம் போய்ச் சேர்ந்தது. ஞானேந்திரன் மன்னார்க் கத்தோலிக்கர். விக்னராஜாவின் துடக்கு அவரைத் தொடாது. பிறகு யோகராணி ஒரு வெள்ளைத் துணியை எடுத்துவந்து ரீவியை மூடினார். செத்தவீட்டில் ரீவி போடுவதில்லை என்று அமைதியாக நினைவூட்டினார். பிறகு வரதராஜனுக்குத் தொலைபேசி எடுத்தார். மனைவியின் குரல் தழுதழுத்த விதத்தைக் கேட்டு விக்னராஜாவே ஒரு கணம் சித்தப்பாவுக்காக வருந்தினார்.

பின் அறையில் கணினி இருந்தது. அதை நம்பி அவர் அன்றிரவு நிம்மதியாக உறங்கினார்.

காலையில் கணினியைத் திறந்ததும் வாசல் மணி அடித்தது. எந்தச் செத்தவீட்டுக்கும் முதல் ஆளாக வரும் சந்திரவதனா, கையில் இடியப்பச் சட்டியுடன். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு கார்கள். வரதராஜன் டூங்கபியில் பாதிப்பேரைக் குடிபூரலுக்கு அழைக்கவில்லை. அழைக்கப்படாதவர்கள் அன்றைக்குப் போவதற்கு ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். துரைசிங்கம் சித்தப்பா அவர்களுக்கு வாய்த்தார். மூடிய ரீவிக்கு எதிரே கதிரைகளை வரிசையாகப் போட்டு, அதையே பார்த்தபடி அமர்ந்தார்கள். சித்தப்பா தம்மைத் தோளில் சுமந்து திருவிழாக் காட்டியதை விக்னராஜா விவரிக்க வேண்டியதாயிற்று. உண்மையில் சித்தப்பா அவரை ஒருமுறை பிரம்பால் அடித்ததைத் தவிர வேறு உறவு வைத்திருந்ததில்லை.

தலையிடிக்கிறது என்று சொல்லி யோகராணி எழுந்து, பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞானேந்திரன் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கறி நல்ல பதமென்று நன்றி சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தாமலே கேட்டார்:

“இண்டைக்கு உம்மட மாஷ்கோமின்ர கடைசி மட்செல்லோ, விக்கி?”



“இந்த நேரத்தில ஆருக்கு அந்த நினைப்பு?” என்றார் விக்னராஜா. பெண்கள் அவரை மதிப்போடு நோக்கினார்கள்.

அப்போது பின் அறையிலிருந்து ஒரு விம்மல் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. உள்ளே இருந்து அழுகிறா, பாவம் என்று சந்திரவதனா உருகினார். விக்னராஜா மட்டும் அதை நம்பவில்லை. தலையிடி வந்தால் யோகராணி ‘பனடோல்’ போடுவார், விம்முவதில்லை. சித்தப்பாவுக்காக விம்மவே மாட்டார். அந்த அறையில் விம்மத்தக்க பொருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை அவரே திறந்து வைத்துவிட்டு வந்திருந்தார்.

கதவு திறந்தது. யோகராணியின் கண்கள் சிவந்திருந்தன. சேலைத் தலைப்பு கயிறாய் முறுகியிருந்தது. விக்னராஜா அந்தக் கண்களைப் படித்தார். மாஷ்கோம் கீழே போய்விட்டது. அவர் கதிரையில் சரிந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். வந்தவர்கள் அசந்துபோனார்கள். இக்காலத்தில் ஒரு சித்தப்பாவுக்கு இவ்வளவு பாசமா என்று வியந்தார்கள். இந்த மனுசனைத் தனியே விடக்கூடாது, முப்பத்தொன்று முடியும்வரை நாள்தோறும் பின்னேரத்தில் வந்துபோவோம் என்று சந்திரவதனா அறிவித்தார். எல்லோரும் இசைந்தார்கள்.

பிற்பகலில் கடைசிக் காரும் போயிற்று.

“நீர் அதைப் பார்த்தனீர்,” என்றார் விக்னராஜா.

“ஓம்.”

“செத்தவீட்டிலயோ?”

“ரீவிதான் போடுறதில்லை. கொம்பியூட்டரைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்ல.” யோகராணி சோற்றைத் தட்டில் இட்டார். “அதோட இது செத்தவீடுமில்லை. துரைசிங்கம் சித்தப்பா முதல் தரம் செத்தது என்ர தங்கச்சி நிரஞ்சலாவின்ர கலியாணத்துக்கு ஒரு கிழமை முந்தி. அந்தத் துடக்கால நான் கலியாணத்துக்குப் போகாமல் வீட்டில இருந்து அழுதனான். உங்களுக்கு மறந்துபோச்சு. எனக்கு மறக்கேல்ல.”



“அப்ப நேற்றே சொல்லியிருக்கலாமே,” என்றார் விக்னராஜா.

“சொன்னால் அந்த ஆறு குளியலறையையும் ஆர் போய்ப் பாக்கிறது? எனக்கும் இண்டைக்கு மட்ச் பாக்கவேணும். என்ன சாட்டுச் சொல்லுறதெண்டு ரெண்டு கிழமையா யோசிச்சுக்கொண்டிருந்தனான். நீங்களே கொண்டுவந்து தந்தியள்.”

பக்கத்து வீட்டிலிருந்து ஆட்டிறைச்சிக் கறியைச் சூடாக்கும் வாசனை வந்தது. இனி ஒரு மாதம் பருப்பு, ஒரு மாதம் வெள்ளைத் துணி, நாள்தோறும் சந்திரவதனா. உண்மையை ஊருக்குச் சொல்லித் தப்பலாமே என்று ஒரு கணம் நினைத்தார். சொன்னால் ஊர் என்ன சொல்லும் என்று மறு கணம் நினைத்தார்.

இருந்தும் அவரிடம் சிறிது மானம் மிச்சமிருந்தது. நிமிர்ந்து நின்றார். தோற்றாலும் தம் அணியைத் தாம் கைவிடப்போவதில்லை என்றும், இப்போதே போய் முதலிலிருந்து பார்க்கப்போவதாகவும், எத்தனை புள்ளியால் என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

“அஞ்சால தோத்தவை,” என்றார் யோகராணி. “ஏழுக்குள்ள எண்டபடியால் அந்த ஒரு புள்ளி கிடைச்சுது. தப்பிட்டினம். சந்தோசத்திலதான் அழுதனான்.”

பிறகு பருப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினார்.

“நீங்கள் தோத்தது ஏழுக்கு மேல.”